ஊருக்குப் போன கப்பல்

கெடா மாநிலத்துத் தோட்டப்புறங்களில் 'ஊர்' என்னும் சொல்லுக்கு நெடுங்காலம் ஒரே பொருள்தான் இருந்தது. குடியிருந்த இடம் லயம்; வேலை செய்த இடம் வெட்டுக்காடு; சம்பளத்துக்கு மறுநாள் சாமான் வாங்கப் போன இடம் டவுன். பீடோங்கோ, லுனாஸோ, பாடாங் செராயோ எதுவாயினும் அது டவுன்தான். ஊர் என்பது கடலுக்கு அப்பால் இருந்தது. "அண்ணன் ஊருக்குப் போகிறார்" என்றால் எந்த ஊருக்கு என்று எவரும் கேட்டதில்லை. எப்போது கப்பல் என்று மட்டுமே கேட்டனர்.

இதனை எழுதத் தூண்டியது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் நிகழ்ந்த ஓர் உரையாடல். ஆண்டிறுதி விடுமுறையில் இந்தியாவுக்குச் சுற்றுலா செல்வதென இளம் ஆசிரியர் சிலர் திட்டமிட்டுக்கொண்டிருந்தனர். சொகுசுக் கப்பலில் போகலாமே என்றார் ஒருவர். பினாங்கு சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு அத்தகைய பெருங்கப்பல்கள் வந்துபோவதை அவர் கண்டிருக்கிறார். "ஐயா, நம்மவர்கள் யாராவது முன்பு இங்கிருந்து கப்பலில் இந்தியா போயிருக்கிறார்களா?" என்று என்னை நோக்கிக் கேட்டார். நான் சிறிது நேரம் பேசாதிருந்தேன். அவருடைய பாட்டனாரும் என் பாட்டனாரும் அதே துறையில்தான் இறங்கினர். அதே துறையில்தான் ஏறினர். மூன்றாம் தலைமுறைக்குள் ஒரு சமுதாயத்தின் தலையாய அனுபவம் இவ்வாறு நினைவினின்று நழுவிவிட்டதற்கு, அதனை வகுப்பறையில் சொல்லாத எங்களைப் போன்றோரே பொறுப்பாவர் என்று தோன்றிற்று.

கெடாவுக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கடல்வழி மிகப் பழமையானது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழியைப் பற்றிக் குறிப்பெழுதிய சீனத் துறவி இத்சிங், தம் காலத்துப் பௌத்தர் ஒருவர் குளிர்கால முடிவில் கெடாவில் கப்பல் மாறி, மேற்கே முப்பது நாள் சென்று நாகப்பட்டினம் அடைந்ததைத் தெரிவிக்கின்றார். கடாரத்து அரசன் நாகையில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராச சோழன் இறையிலியாகக் கொடுத்த செய்தியை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அது ஏறத்தாழ 1006ஆம் ஆண்டு. இருபது ஆண்டுகள் கழியுமுன், 1025ஆம் ஆண்டளவில், அவன் மகன் இராசேந்திரன் அதே கடாரத்தின்மீது கப்பற்படை செலுத்தினான். நம் மேடைகளில் படையெடுப்பைப் பற்றி முழங்குவோர் பலர். விகாரத்தை நினைவூட்டுவோர் மிகச் சிலரே. ஊருக்குப் போக வேண்டிக் கப்பலுக்குக் காத்திருந்த நம் முன்னோர், வெற்றி முழக்கத்தைவிட அந்தச் செப்பேட்டுக்கே நெருங்கிய உறவினர் என்பது என் கருத்து.

நம் காலத்துக்கு வருவோம். கெடா 1909ஆம் ஆண்டில் சயாமிய மேலாதிக்கத்தினின்று பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அதையொட்டிய ஆண்டுகளில் மாநிலத்தின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் இரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. சஞ்சிக்கூலி என்று மக்கள் வழங்கிய ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டபின், ஆள் சேர்ப்பு பெரும்பாலும் கங்காணி வழியே நடந்தது. கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று, தன் உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து வந்தான். திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்கள் அப்படியே பெயர்த்து வைக்கப்பட்டவை போல, ஒரே லயத்தில் ஒரே ஊரார் குடியேறினர். இந்த முறையின் கொடுமைகளை ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர், அவை மெய்யே. ஆனால் அதன் இன்னொரு விளைவு அத்துணைக் கவனிக்கப்படவில்லை. ஒரே ஊரார் ஒன்றாக வந்ததனால் ஊர் நினைவும் ஒன்றாகவே காக்கப்பட்டது. ஒருவர் ஊருக்குப் போனால் பத்து வீட்டுச் செய்தியும் பத்து வீட்டுப் பொட்டலமும் அவருடன் போயின.

சட்டத்தின்படி தோட்ட முதலாளிகளிடம் தண்டிய பணத்தைக் கொண்டு ஒரு குடியேற்ற நிதி அமைந்தது. தொழிலாளர் இங்கு வருவதற்கான கப்பற் செலவை அந்நிதி ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்கள் தங்கவைக்கப்பட்டுக் கப்பல் ஏற்றப்பட்டனர். பினாங்கில் இறங்கும்முன் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டோரும் உண்டு. வருகை இலவசம். ஆனால் பிணியுற்றோர், வேலையற்றோர் போன்ற சிலருக்கன்றி, திரும்பிச் செல்லும் பயணம் தன் செலவுதான். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டாலன்றி ஊர்ப்பயணத்தின் அருமை விளங்காது. வரும்போது அவர்களை எவரோ திட்டமிட்டுக் கொண்டுவந்தனர். போகும்போதுதான் அவர்கள் தாமே முதன்முறையாகத் தமக்கெனத் திட்டமிட்டனர்.

அக்கப்பல்களுள் தமிழர் நாவில் நிலைத்த பெயர் 'ரஜூலா'. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கழகத்துக்காக 1926ஆம் ஆண்டில் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது அது. அந்த ஓராண்டில் மட்டும் மலாயாவுக்கு வந்த இந்தியர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்றால், அத்தகைய கப்பல் ஏன் கட்டப்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 8,500 டன். 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலோ 46,000 டன்னுக்கும் மேற்பட்டது. அதிற் சென்றவர்கள் ஏறத்தாழ 2,200 பேர். அதனில் ஐந்தில் ஒரு பங்கும் இல்லாத ரஜூலாவில், தொடக்கக் காலத்தில், 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச்செல்ல உரிமம் இருந்தது. பின்னாளில் அவ்வெண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. தனி மனிதனுக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பதை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். என் ஆறாம் வகுப்பு மாணவர்க்கு நான் அதனைக் கணிதப் பாடத்திலேயே கொடுத்ததுண்டு. அதன் உடன்பிறப்பான 'ரோனா' என்னும் கப்பல் 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் அமெரிக்கப் படைவீரரைச் சுமந்து செல்கையில் ஜெர்மானிய வான்தாக்குதலுக்கு இரையாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. ரஜூலாவோ போர்ப்பணியினின்று மீண்டு, 1973 வரை நம்மவரைச் சுமந்தது.

இனித் திட்டமிடும் கதைக்கு வருவோம். இன்று ஒரு வாரத்தில் முடிகிற செயல் அன்று ஐந்தாண்டு, ஏழாண்டு எடுத்தது.

முதலில் பணம். 1920களின் பிற்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் தரமான கூலி எனக் கொள்ளப்பட்டன. இதில் மிச்சம் பிடிப்பதென்றால் கூட்டுதான் வழி. இருபது பேர் சேர்ந்து மாதந்தோறும் ஒரு தொகை கட்டி, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுக்கும் கூட்டு முறை, தோட்டத்தில் வங்கியாகவும் காப்புறுதியாகவும் இயங்கிற்று. கூட்டைப் பிடித்தவர் ஓடிப்போனதால் ஊர்ப்பயணம் கெட்ட குடும்பங்களும் பல. பின்னர் 1971ஆம் ஆண்டில் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்ததற்கு அத்தகைய ஏமாற்றுகளும் காரணம் எனலாம். கூட்டு எடுத்த பணம் போதாமற் போனால் ஆடு, கோழி, பசுமாடு விற்றனர். மனைவியின் கழுத்துச் சங்கிலி மட்டும் விற்கப்படுவதில்லை. அது ஊரில் காட்டுவதற்குரியது.

அடுத்துப் பருவம். கெடாவில் மாசி பங்குனியில் இரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். பால் குறையும், சம்பளமும் குறையும். அக்காலத்தில் வேலையை விட்டுப் போனால் இழப்பு மிகுதியில்லை. கார்த்திகை மார்கழியில் நாகைக் கரையில் அலைகள் கொந்தளித்து இறங்குவதே அரிதாயிருக்க, அதே மாசியில் கடலும் அடங்கியிருக்கும். ஊரிலோ அப்போதுதான் அறுவடை முடிந்து, மாரியம்மன் திருவிழாவும் திருமணங்களும் தொடங்கும். ஆகவே தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலையில் வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு, அடுத்த கப்பலுக்குச் சீட்டெடுப்பது பலர் வழக்கம். மரத்தின் பருவம், கடலின் பருவம், ஊரின் பருவம் ஆகிய மூன்றையும் ஒரு நூலில் கோத்த இந்தத் தேர்வை எந்தப் பயண முகவரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஏழாம் நூற்றாண்டுத் துறவியும் குளிர்கால முடிவில்தானே கெடாவிலிருந்து புறப்பட்டார்.

பின்னர்ப் பெட்டி. இரும்பு டிரங்குப் பெட்டியை ஓராண்டுக்கு முன்பே வாங்கிக் கட்டிலின்கீழ் வைத்துவிடுவர். அதற்குள் ஒவ்வொரு சம்பளத்துக்கும் ஒரு பொருள் சேரும். கோடாலித் தைலம், புலி மார்க்குத் தைலம், கைவிளக்கு, குடை, கம்பளி, துண்டுத் துணிகள், பிள்ளைகளுக்குப் பிஸ்கட் டின், பெரியவர்களுக்குக் கைலி. இங்கே 'பெலிக்காட்' என்று மலாய்க்காரர் உடுத்தும் கைலியை நம்மவர் ஊருக்கு அருமைப் பொருளாகக் கொண்டுசென்றனர். அச்சொல் சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயரே. அங்கிருந்து நூற்றாண்டுகளுக்கு முன் கிழக்கே ஏற்றுமதியான துணிதான் பெயரோடு திரும்பிப் போயிற்று.

போர்க்காலத்துக்குப் பின் தாள்களும் சேர்ந்தன. கடப்பிதழ், அம்மை குத்திய சான்று, வாந்திபேதி ஊசிச் சான்று, மீண்டும் இந்நாட்டுக்குள் வருவதற்கான மறுநுழைவு அனுமதி. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு இவை அனைத்தையும் கிராணியோ பள்ளி ஆசிரியரோ எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு அன்று பாடம் சொல்வது பாதி வேலை. விண்ணப்பம் நிரப்புவது மறுபாதி. நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டியபோது, மாணவர் நீங்கியதற்கான காரணம் எழுதும் கட்டத்தில் 'இந்தியா' என்னும் ஒற்றைச் சொல்லைப் பக்கந்தோறும் கண்டேன். சிலர் பெயர் ஈராண்டு கழித்து வேறு எண்ணில் மீண்டும் வருகிறது. பலர் பெயர் வரவில்லை.

புறப்படும் நாளில் லயமே திரளும். சுங்கை பட்டாணியிலோ கூலிம் பக்கத்திலோ இருந்து லாரியிலும் பேருந்திலும் இரயிலிலுமாகப் பிறை வந்து, அங்கிருந்து மிதவைக்கப்பல் ஏறிப் பினாங்கு சேர்வர். கூலிமுக்கு இரயில் இல்லாததால் அப்பக்கத்தார் புக்கிட் மெர்தாஜாம் வரை சாலை வழியே வந்தாக வேண்டும். துறையில் பெட்டிக்கு ஒட்டுத்தாள் ஒட்டப்படும். அடித்தளத்துச் சரக்கறைக்குப் போகும் பெட்டிக்கு, 'பயணத்தின்போது வேண்டாதது' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள். எங்கள் வீட்டிலிருந்த பெட்டியில் அத்தாளின் பாதி இன்னும் ஒட்டியிருக்கிறது.

கப்பலில் ஐந்தாறு நாள். பாயை விரித்த இடமே வீடு. இந்தியா எத்துணைப் பரந்தது, எத்துணை மொழியினரைக் கொண்டது என்பதனை நம் தோட்டத் தமிழர் உண்மையாகக் கண்டது அந்தத் தளத்தில்தான் என்று நான் கருதுகிறேன். தோட்டத்தில் மலையாளக் கிராணிகளையும் விசாகப்பட்டினப் பக்கத்துத் தெலுங்கரையும் அவர்கள் அறிவர். ஆயினும் லயங்கள் வேறு, பழக்கம் வேறு. கப்பலிலோ சீக்கியக் காவலரும், தமிழ் முஸ்லிம் வணிகரும், செட்டிநாட்டு அடுத்தாள்களும், யாழ்ப்பாணத்து எழுத்தர் ஓரிருவரும் ஒரே குழாயடியில் நின்றாக வேண்டும். சாதி பார்த்துத் தனியே சமைத்துண்ட பழக்கம் அலை பெருத்த இரண்டாம் நாளில் தானே தளர்ந்துவிட்டதாக மூத்தோர் சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டிருக்கிறேன். கரையேறியவுடன் அது மீண்டுவிட்டது என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

அக்கப்பல் வழியே கருத்துகளும் வந்தன. பெரியார் ஈ.வெ.ரா. 1929 டிசம்பரில் நாகம்மையாருடன் கடல்வழிப் பயணமாகப் பினாங்கில் வந்திறங்கினார். சாதியைக் குறித்து அவர் பேசிய பேச்சு தோட்டங்கள் வரை எட்டிற்று. கப்பலே மறுவழியிலும் பயன்பட்டது. கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் 1941இல் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கூலி கேட்டவனை ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்பது அக்காலத்தில் வெறும் மிரட்டல் அன்று.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையணையாது. தொலைவில் நங்கூரமிட, படகுகளில் இறங்கிக் கரைசேர வேண்டும். குழந்தைகளைத் துணியில் கட்டி இறக்குவர். பின்னர்ச் சுங்கச் சோதனை. தைலப் புட்டிகளில் சில அங்கேயே குறையும். அதன்பின் இரயில், மாட்டுவண்டி. பரந்த அந்நாட்டில் அவர்கள் கண்டது இவ்வளவே: ஒரு துறைமுகம், ஓர் இரயில் நிலையம், ஒரு சிற்றூர். காசியும் கல்கத்தாவும் அவர்க்குக் கதை. பழனிக்கோ திருவரங்கத்துக்கோ போய் வந்தவர் செல்வர். ஊரில் அவர்களுக்குப் புதுப்பெயரும் காத்திருந்தது. இங்கே 'கிள்ளிங்' என்று ஏளனமாக அழைக்கப்பட்டவர் அங்கே 'பினாங்குக்காரர்' ஆனார். கெடாவில் இருந்தாலும் அவர் பினாங்குக்காரர்தான். கடன் கேட்போர் வரிசையும் அந்தப் பெயரைக் கேட்டே வந்தது. கொண்டுபோன பணம் தீரும்வரை மதிப்பு. தீர்ந்தபின் அடுத்த கப்பலுக்கு நாள் பார்ப்பு. மூன்று மாதம் என்று போனவர்கள் ஓராண்டு தங்கியதும், ஓராண்டு என்று போனவர்கள் ஆறாம் வாரமே திரும்பியதும் உண்டு.

இப்போக்குவரத்து இடையிடையே அறுந்தது. 1930ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த தொழிலாளர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அது அவர்கள் திட்டமிட்ட பயணம் அன்று. 1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. 1941 டிசம்பரில் சப்பானியர் வந்தனர், கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. சயாம் மரண இரயிலுக்குக் கெடாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட எத்தனையோ பேருக்கு ஊரில் நெடுநாள்வரை விளக்கேற்றிக் காத்திருந்தனர். போர் முடிந்தபின் முதல் கப்பல்களில் சென்றோர் சுமந்த செய்திகளுள் பெரும்பாலானவை சாவுச் செய்திகளே.

1957க்குப் பின் ஊர்ப்பயணம் வேறொரு பொருள் பெற்றது. இதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை. விடுதலை நாளில் இந்நாட்டில் வாழ்ந்துகொண்டிருந்தவர், முந்திய 12 ஆண்டுகளுள் மொத்தம் 8 ஆண்டு இங்கு வாழ்ந்தமையைக் காட்டி, எளிய மலாய்மொழி அறிவும் உடையவராயின், பதிவின் வழி குடியுரிமை பெற அரசியலமைப்பு இடமளித்தது. 1963இல் அவ்விதி நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆறாண்டுக் காலமே கதவு திறந்திருந்த காலம். அக்காலத்தில் லயம் லயமாகச் சென்று பாரம் நிரப்பியவர்கள் உண்டு. ஊருக்குப் போயிருந்ததனால் நிரப்பாதவர்களும் உண்டு. திரும்பிவந்தும், ஊரைக் கைவிட்டதாகுமே என்று நிரப்ப மறுத்தவர்களும் உண்டு. அவர்கள் கையில் சிவப்பு அடையாள அட்டை நிலைத்தது.

என் பாட்டனார் அத்தகையவர். 1957ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தம் தந்தைக்குக் கடன் கழிக்கவும், பங்கு நிலத்தைப் பார்க்கவும் துறையூர்ப் பக்கத்துத் தம் ஊருக்கு ரஜூலாவில் சென்றவர், 1959இல் திரும்பினார். அவர் இல்லாதபோது தோட்டத்துக் கிராணி ஒருவர் வீடு வீடாக வந்து பாரம் எழுதினார். பாட்டி கைந்நாட்டு வைத்தார். பாட்டனார் திரும்பிய பின் அதே கிராணி இருமுறை அழைத்தும், "எனக்கு ஊர் இருக்கிறது" என்று சொல்லிவிட்டாராம். அதில் அவர்க்கு ஒரு பெருமிதமும் இருந்தது என்பார் என் தந்தையார்.

1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்றது. 1969 மே மாதத்துக்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டி நாட்டை விட்டுச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 60,000 பேர் என்று ஆய்வாளர் கூறுவர். ரஜூலாவும் 'ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்' கப்பலும் மீண்டும் நிரம்பின. ஆனால் பெட்டியில் இப்போது தைலப் புட்டிகளோடு பாத்திரமும் பாயும் இருந்தன. என் பாட்டனார் 1970இல் கப்பல் ஏறினார். கடைசிச் சித்தப்பாவை மட்டும் உடன் அழைத்துக்கொண்டார். ஓராண்டில் வந்துவிடுவதாகச் சொன்னதால் பெரிய பெட்டியை எடுத்துச் செல்லவில்லை. பாட்டிக்கோ இங்கே ஐந்து பிள்ளைகள், நான் கைக்குழந்தை. மறுநுழைவு அனுமதியின் காலம் கடந்தது. கடிதங்கள் வந்தன. 1976இல் தந்தி வந்தது. பாட்டி தாலியை எங்கள் லயத்து வாசலில்தான் கழற்றினார்.

தோட்டத் தமிழர் ஊர்ப்பயணத்தில் பணத்தைக் கரைத்தனர், அதனால்தான் இங்கு நிலமும் வீடும் அற்றுப்போயினர் என்று நம் தலைவர்கள் மேடையில் இடித்துரைத்ததுண்டு. அதில் உண்மையில்லாமலில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், மாதம் பத்து வெள்ளி சேமிக்கச் செய்து துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் 1961இல் முதலாவதாக வாங்கிய தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம்தான். கப்பற் சீட்டுக்குச் சேர்த்த காசைப் பங்குக்குக் கட்டியவர்களும் இருந்தனர்; அவர்களைப் போற்ற வேண்டும். எனினும் மற்றவர்களை வீண்செலவாளர் என்று தள்ளிவிட என் மனம் இடந்தரவில்லை. லயம் முதலாளியுடையது, வேலை போனால் வீடும் போகும். அவர்கள் கையிலிருந்த ஒரே பத்திரம் ஊர் நினைவுதான். அதனைப் புதுப்பித்துக்கொள்ளவே அவர்கள் செலவழித்தனர். பத்திரம் செல்லாது என்பது போய்ப் பார்த்தவர்க்கு மட்டுமே தெரியவந்தது. திரும்பி வந்தவர் அதனை அவ்வளவு எளிதில் வெளியே சொல்லவுமில்லை.

கப்பற் காலம் விரைவில் முடிந்தது. ரஜூலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றினிடமிருந்து வாங்கப்பட்ட 'எம்.வி. சிதம்பரம்' அதன் இடத்துக்கு வந்தது. அழகிய கப்பல், நான் சிறுவனாகத் துறையில் நின்று அதனை ஒருமுறை கண்டிருக்கிறேன். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பற்றிப் பயணிகள் பலர் மாண்டனர். அத்துடன் அதன் பயணமும் முடிந்தது. பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் அதே 1985ஆம் ஆண்டில்தான். அதற்குள் விமானம் எளிதாகிவிட்டது. நாகையிலிருந்து பயணிகள் கப்பல் ஒன்று மீண்டும் புறப்பட்டது 2023 அக்டோபரில், அது காங்கேசன்துறைக்கு. பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே 2024 டிசம்பரில் நேரடி விமானச் சேவை தொடங்கியது. ஐந்தாறு நாளைக் கடலில் கழித்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு பிற்பகலில் போய்ச் சேர்கின்றனர்.

எங்கள் ஆசிரியர்கள் சொகுசுக் கப்பலைக் கைவிட்டுவிட்டனர். விடுமுறை நாள்களுக்குள் அது அடங்காது, செலவும் கட்டுப்படியாகாது. விமானத்தில் டில்லி, ஆக்ரா, செய்ப்பூர் பார்த்து, அங்கிருந்து கொச்சிக்கும் மதுரைக்கும் வந்து, திருச்சி வழியாகத் திரும்புவதாகப் பன்னிரண்டு நாள் திட்டம் வகுத்துள்ளனர். அவர்களின் பாட்டனார் எவரும் காணாத இந்தியா அது. என்னையும் சேர்த்துக்கொண்டனர். இதுவரை நான் அந்நாட்டில் கால் வைத்ததில்லை. பாட்டி இருந்தவரை அப்பேச்சே வீட்டில் எழாது. பின்னர் எழுந்தும் நானே தள்ளிப்போட்டேன்.

நிகழ்ச்சிநிரலில் பதினோராம் நாள் முற்பகல் திருவரங்கம், பிற்பகல் கடைவீதி. திருச்சியிலிருந்து துறையூர் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பெட்டியிலிருந்த பாட்டனாரின் கடைசிக் கடிதத்தின் உறையில் ஊர்ப் பெயரும் அஞ்சலகப் பெயரும் தெளிவாக உள்ளன. சித்தப்பா இருந்தால் அவர்க்கு இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும். அன்று பிற்பகலுக்கு ஒரு வாடகை வண்டி தனியே சொல்லிவைத்திருக்கிறேன்.